வகுப்பறைக்குள் வரும் பயம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் பேச இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம். வடசென்னையில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அதனால் உங்கள் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குறிப்பாக, பெரிய அதிர்ச்சியைச் சந்தித்துவிட்டு மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைகளைப் பற்றி.

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பார்க்காத அதிர்ச்சியா? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்தது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களில் அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்றைக்கு உங்கள் குழுக்களில் உறுப்பினர்களாகவே இருப்பார்கள். 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கொருக்குப்பேட்டையில் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் நின்றதும், கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் தவித்ததும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலமும் சேர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். தேதியைக் கவனிச்சீங்களா? சுனாமி வந்த அதே தேதி.

இவையெல்லாம் பேப்பரில் வந்தவை. பேப்பரில் வராதவையும் இருக்கின்றன. குடிசை எரிந்து போவது, கண்முன்னே வெட்டுக்குத்து நடப்பது, தினம் ராத்திரி அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பது, தெரிந்தவரே பிள்ளையிடம் தப்பாக நடப்பது. எது நடந்தாலும் காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும். பிள்ளை வந்து பெஞ்சில் உட்காரும்.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு ‘மனவடு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். காயம் ஆறினாலும் தழும்பு நிற்கிறதே, அதுதான் வடு. நாம் ‘பயந்துக்குச்சு’ என்று சொல்வோம். தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதுவோம், கோயிலில் தண்ணீர் மந்திரிப்போம், கையில் கயிறு கட்டுவோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘உனக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம்’ என்று அந்தக் கயிறு பிள்ளையிடம் சொல்கிறது. ஆனால் கயிறு கட்டிய கையோடு நம் வேலை முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அதிர்ச்சியடைந்த பிள்ளை எப்போதும் அழுதுகொண்டு இருக்காது. ஒரு பிள்ளை வகுப்பில் தூங்கும். ஒன்று பக்கத்துப் பையனை அடிக்கும். ஒன்று வாயையே திறக்காது. நேற்று வரைக்கும் தெரிந்த வாய்ப்பாடு இன்றைக்கு மறந்துபோகும். பெரிய பிள்ளை திடீரென்று படுக்கையை நனைக்கும். சிலர் ‘வயிறு வலிக்குது, தலை வலிக்குது’ என்று தினமும் சொல்வார்கள். அந்த வலி பொய்யில்லை, உடம்பு நிஜமாகவே வலிக்கும். இதையெல்லாம் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? வீட்டில் ‘கொழுப்பு’ என்கிறோம். பள்ளியில் ‘மக்கு’ என்கிறோம். இரண்டுமே தப்பான பெயர். அதன் பெயர் பயம்.

நம்ம கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் போட்டுவிட்டால் ஆட்டோ, லாரி, ஆம்புலன்ஸ் எதுவும் போகாது. பின்னால் நின்று எவ்வளவு ஹாரன் அடித்தாலும் கேட் திறக்காது. ரயில் போன பிறகுதான் திறக்கும். பயந்த பிள்ளையின் மூளையும் அப்படித்தான். ஆபத்து என்று நினைத்துவிட்டால் அது கேட்டை இறக்கிவிடும். ஓடு, அடி, இல்லாவிட்டால் அசையாமல் இரு என்ற மூன்று கட்டளை மட்டும்தான் அப்போது வேலை செய்யும். கணக்கும் இலக்கணமும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும். அந்த நேரத்தில் திட்டுவதும் அடிப்பதும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான். சத்தம் வரும், கேட் திறக்காது. ‘இங்கே ஆபத்து இல்லை’ என்று பிள்ளையின் உடம்புக்குத் தெரிந்தால்தான் திறக்கும்.

என் வகுப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன். புயலுக்குப் பிறகு பள்ளி திறந்த நேரம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், வானம் கறுத்தாலே நோட்டுப் புத்தகத்தை எல்லாம் பைக்குள் திணித்து, பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொள்வான். எழுதச் சொன்னால் எழுத மாட்டான். பார்க்கிறவர்களுக்கு அது அடங்காத்தனம். அவன் அம்மாவை விசாரித்தேன். ‘ராத்திரி தண்ணி பூந்துச்சு டீச்சர், அவன் பை மெதந்து போறத பாத்துக்கினே கட்டில் மேல நின்னான்’ என்றார். மறுநாள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. ‘உன் பையை பீரோ மேல வச்சுடலாமா? அங்க தண்ணி வராது’ என்று மட்டும் சொன்னேன். தானே பெஞ்சில் ஏறி வைத்தான். பிறகு மழை வந்தால் ஒரு தடவை நிமிர்ந்து பீரோவைப் பார்ப்பான், குனிந்து எழுதுவான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு உயரமான இடம்தான்.

எல்லாப் பிள்ளைக்கும் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனாலும் டாக்டர் வருவதற்கு முன்பே வகுப்பறையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. போர் நடந்த யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலர்தான் இருந்தார்கள். அங்கே பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஏனென்றால், பிள்ளையை தினமும் பார்க்கிறவர் ஆசிரியர்தான். சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களிலும் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தார் வந்து இதே மாதிரி பயிற்சி கொடுத்தார்கள்.

வகுப்பில் செய்யக்கூடியவற்றை எளிமையாகச் சொல்கிறேன். இதை உங்கள் பிள்ளையின் டீச்சரிடமும் பேசுங்கள், வீட்டிலும் செய்யுங்கள்.

ஒன்று, மாறாத ஒழுங்கு. அதிர்ச்சி என்பது எதிர்பாராமல் வந்தது. அதனால் அடுத்து என்ன வரும் என்று தெரிவதே பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. தினமும் அதே இடம், அதே பாடவேளை, அதே டீச்சர். இன்றைக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிடலாம். தீயணைப்பு ஒத்திகைக்காக சைரன் அடிக்கப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, வற்புறுத்திக் கேட்கக் கூடாது. ‘அன்னிக்கு என்ன நடந்துச்சு, எல்லாருக்கும் சொல்லு’ என்று எழுப்பி நிறுத்துவது, ‘நான் பார்த்த வெள்ளம்’ என்று கட்டுரை எழுதச் சொல்வது, இரண்டும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு முதலுதவிக் கையேடு வெளியிட்டது. உடம்புக்கு முதலுதவி மாதிரி இது மனதுக்கு. அதில் உள்ளது மூன்றே வேலை: பிள்ளையின் நிலைமையைப் பார்ப்பது, அது பேசினால் காது கொடுத்துக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது. நடந்ததை எல்லாம் கொட்டச் சொல்லித் துருவுவது அதில் இல்லை. படம் வரைவது, பாட்டு, விளையாட்டு, இவற்றில் பிள்ளை தானாகச் சொல்லும்போது கேட்டுக்கொண்டால் போதும்.

மூன்று, வெளியே போக ஒரு வழி. மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால், விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம் என்று அந்தப் பிள்ளையோடு ஒரு ஏற்பாடு. கதவுப் பக்கம் உட்கார இடம். வெளியே போக முடியும் என்று தெரிந்த பிள்ளை பல நாள் வெளியே போகாமலே உட்கார்ந்துவிடும்.

நான்கு, ஒரு பொறுப்பு. சாக்பீஸ் எடுத்து வருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சின்ன வகுப்புப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப் போவது. எதையும் தடுக்க முடியாமல் நின்ற பிள்ளைக்கு, ‘என்னாலும் ஒன்று முடியும்’ என்று தெரிய வேண்டும்.

ஐந்து, அடி கிடையாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ‘நல்லா அடிச்சுப் படிக்க வைங்க டீச்சர்’ என்று நம்மில் சிலரே சொல்லிவிட்டு வருகிறோம். வீட்டில் அடி பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பள்ளியிலும் அடி என்றால், அது எங்கேதான் போகும்?

ஒரு பெஞ்சில் மூன்று பேர் நெருக்கி உட்காரும் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அந்த டீச்சர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருக்கலாம். அதனால்தான் இது டீச்சர் ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிடக்கூடிய வேலை இல்லை என்கிறேன். மேலே சொன்ன ஐந்துக்கும் பணம் வேண்டாம். பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவல் உங்களிடம்தான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடி அடித்து, பிள்ளைகளுக்குத் தொண்டை எரிச்சல், மூச்சுத்திணறல், மயக்கம். பல பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நவம்பர் 4ஆம் தேதி பள்ளியைத் திறந்தபோது மறுபடியும் சில பிள்ளைகள் மயங்கினார்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் ‘பசங்க நடிக்குதுங்க’ என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பும். அதை நம்பாதீர்கள். நெடி அடித்தால் முதலில் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டும், மருத்துவரிடம் காட்ட வேண்டும், காற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு வருகிற பயத்துக்கும் மருந்து வேண்டும். உடம்பா மனசா என்று வழக்காடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு இரண்டுமே கிடைக்காது. மனசுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் குழாயைச் சரிசெய்யாமல் விடுவதும் நியாயமில்லை.

வீட்டை இடிக்கிற விஷயமும் அப்படித்தான். படிப்பு வருஷத்தின் நடுவில் வீட்டை இடித்து, குடும்பத்தைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவது சென்னையில் பல தடவை நடந்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரே நாளில் வீடும் போய், பள்ளியும் போய், சினேகிதமும் போய்விடுகிறது. ‘பரீட்சை முடியும் வரைக்கும் கை வைக்காதீங்க’ என்று கேட்பது பிச்சை இல்லை. அது பிள்ளையின் படிப்புக்காகக் கேட்கிற உரிமை.

இப்போது நாம் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண். முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவாள். அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். அம்மாவும் மகளும் பாதி ராத்திரி பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண் இதை என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒரு குழுவில் உறுப்பினர், அவர்தான் பள்ளிக்கு வந்து காதோடு காதாகச் சொன்னார். அதன்பிறகு முதல் பீரியடில் அவளை எழுப்புவதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். விட்டுப்போன பாடத்தை மதியம் எழுதினாள். குழுப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அந்த அம்மாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பரீட்சை நாட்களில் ராத்திரி தங்க ஒரு வீட்டைத் திறந்து வைத்தார்கள். ‘வயசுக்கு வந்த பொண்ணு, கட்டிக் குடுத்துடலாம்’ என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தபோது, பதினெட்டு வயதுக்கு முன்னே கல்யாணம் என்றால் கேஸ் ஆகும் என்று எடுத்துச் சொன்னதும் அவர்கள்தான். அப்பாவின் குடி நிற்கவில்லை. ஆனால் அவள் படிப்பும் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பு முடித்தாள்.

இதில் ஆசிரியர் செய்தது பாதி, குழு செய்தது பாதி. தமிழ்நாடு முழுக்கப் பல பள்ளிகளில் காலை உணவு சமைப்பது சுய உதவிக் குழுப் பெண்கள்தான். இல்லம் தேடிக் கல்வி 2021இல் வந்தபோது தெருத்தெருவாகப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே பள்ளிக்குள் போக நமக்கு வாசல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவதோடு நிறுத்தாமல், ‘புயலுக்கு அப்புறம் எத்தனை பிள்ளை வரலை? ஏன் வரலை?’ என்று அங்கே கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்றும் கேட்பீர்கள். பல பிள்ளைகள் அன்பும் ஒழுங்கும் கிடைத்தால் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, திடுக்கிட்டு அலறுகிறது, பள்ளிக்குப் போகவே மறுக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது. ‘செத்துப் போறேன்’ என்று ஒரு தடவை சொன்னாலும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலும் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு உண்டு. மனநல உதவிக்குப் போன் 14416. மாணவர்களுக்கான கல்வி உதவி எண் 14417. ‘பைத்தியத்துக்குப் பாக்குற எடம்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போகிறோம், அது மாதிரித்தான் இதுவும்.

பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் மட்டும், நம் தெருவில் உட்கார்ந்து பேசித் தீர்க்கவே கூடாது. போக்சோ சட்டம் 2012இலிருந்து இருக்கிறது. தெரிந்தவர்கள் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 1098க்குப் போன் செய்யுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வரக் கூடாது, அதுவும் சட்டம்.

அந்த விஷயத்தில் குழுவுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். குழுக் கூட்டத்தில் ‘அந்த வீட்டுப் புள்ளைக்கு இப்படி ஆயிடுச்சாமே’ என்று ஆரம்பித்தால் அது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும். பிள்ளைக்கு அது இரண்டாவது அடி. ஒருவர் டீச்சரிடம் சொல்லுங்கள், ஒருவர் அந்த அம்மாவோடு துணைக்கு நில்லுங்கள். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் தீர்மான நோட்டில் மூன்று வரி எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் பக்கத்துப் பள்ளியோடு தொடர்பில் இருப்பார். அதிர்ச்சியில் இருக்கும் பிள்ளையைப் பற்றி அம்மாவைக் கேட்டுக்கொண்டு டீச்சரிடம் மட்டும் சொல்வார். இரண்டாவது, தீயோ வெள்ளமோ வாயுவோ எது வந்தாலும், அரிசி பருப்பு கொடுக்கும் அதே வாரத்தில் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்து விளையாட வைப்போம், பள்ளி திறந்த முதல் நாள் கூட்டிக்கொண்டு போய் விடுவோம். மூன்றாவது, டிசம்பர் மாதம் வந்தால் பிள்ளைகளின் முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். காலண்டரைப் பார்க்காவிட்டாலும் பயந்த உடம்புக்கு அந்த மழை ஞாபகம் இருக்கும்.

கடன் தவணை தவறினால் அந்த வீட்டு வாசலுக்குப் போய் ‘என்னாச்சு?’ என்று கேட்கிறோம். ஒரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை என்றாலும் அதே மாதிரி போய்க் கேட்போம். இந்தக் கூட்டமைப்பு இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பழக்கம் அது, பிள்ளைகளுக்கும் அது பயன்படட்டும்.